ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓடுகிறது, பிள்ளைகள் ரசிக்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஏன் பதில் வருவதில்லை?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கும் ஆசிரியை. பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. வீடியோ போட்டால் பிள்ளைகள் கைதட்டிப் பார்க்கிறார்கள், மறுநாள் கேட்டால் ஒன்றும் தேறவில்லை. ஏன் என்பது முதல் கேள்வி. ஒரு போர்டு, ஒரு செல்போன், 40 பிள்ளைகள், இதை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்யலாம் என்பது இரண்டாவது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 10,000 ரூபாய் தருகிறார்களாம், டேப்லெட் வாங்கலாமா என்பது மூன்றாவது.

நான் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பள்ளிகளில் பின் பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைக் கவனிப்பதுதான் பல வருடம் என் வேலை. அங்கே பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளைகளிடம் கோளாறு இல்லை. வீடியோவும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். வீடியோ ஓடும்போது பிள்ளைகளுக்கு வேலை ஒன்றும் இல்லை, சிக்கல் அங்கேதான். பாடம் நடத்தும்போது நீங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நிறுத்துவீர்கள், திருப்பிச் சொல்வீர்கள், 'டேய், கடைசி பெஞ்சு, என்ன சொன்னேன்?' என்பீர்கள். வீடியோ யார் முகத்தையும் பார்க்காது. ஆறு நிமிடம் என்றால் ஆறு நிமிடமும் ஒரே வேகத்தில் ஓடும். நம் மனம் ஒரு நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடிய புதிய விஷயங்கள் நாலு இருந்தால் அதிகம். ஐந்தாவது வந்ததும் முதலாவது நழுவிவிடும். செல்லின் உள்ளே உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு என்று கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் பறந்துகொண்டே போகும் படத்தில் ஒரு நிமிடத்துக்குள் எத்தனை பெயர் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், விஷயம் விளங்கிவிடும்.

இதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. நல்ல வீடியோவைப் பார்த்து முடித்ததும் புரிந்துவிட்டது போலவே இருக்கும். 'புரிஞ்சுது மிஸ்' என்று மொத்த வகுப்பும் பாடும். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றுகிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு குழு பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் நன்றாகவே முந்திவிட்டார்கள். வீடியோவை 'இன்னொரு தடவை போடுங்க மிஸ்' என்று கேட்டு இரண்டாம் முறை பார்ப்பது முதல் குழு செய்ததுதான்.

அதனால் நான் சொல்லும் வைத்தியம் செலவில்லாதது: நிறுத்தும் பொத்தான். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் ஓட விடாதீர்கள். இரண்டு நிமிடம் என்பது என் அனுபவக் கணக்கு. 2014-ல் இணையவழிக் கல்லூரிப் படிப்புகளில் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்தபோது, கல்லூரி மாணவர்களே ஆறு நிமிடத்தைத் தாண்டி ஊன்றிப் பார்ப்பது அரிது என்றுதான் வந்தது. ஏழாம் வகுப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு தாராளம். நிறுத்தியதும் திரையை இருட்டாக்குங்கள். படம் அப்படியே நின்றால் பார்த்து எழுதுவார்கள். நோட்டைத் திறந்து, இப்போது பார்த்ததைப் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். படம் கோணலாக இருக்கட்டும், பரவாயில்லை. அப்புறம் அதே துண்டை மறுபடி ஓடவிட்டு, அவரவர் விட்டதை வேறு நிறப் பேனாவில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வேறு நிறத்தைப் பார்த்தாலே எது ஏறவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு வழி, சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுவது. வர்ணனையைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த பையன்களுக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. இரத்த ஓட்டத்துக்கு 'இதோ வலது ஏட்ரியம் நிரம்பிவிட்டது, கதவு திறக்கிறது' என்று ஒரு பையன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கதவு என்று அவன் சொன்னதை வால்வு என்று மாற்றினால் போதும், மற்றதெல்லாம் சரி.

எதைத் திரையில் காட்டுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். வகுப்புக்குள் கொண்டுவர முடிந்ததைத் திரையில் காட்டாதீர்கள். வெங்காயச் சவ்வை வீடியோவில் காட்டுவது வீண், வெங்காயம் சமையலறையிலேயே இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரிசையாக நிற்பதை நேரில் பார்க்கட்டும். எரிமலையைக் கொண்டுவர முடியாது, மூலக்கூறைக் கண்ணால் பார்க்க முடியாது, பத்து லட்சம் வருடத்தைப் பத்து நொடியாக்கக் கரும்பலகையால் ஆகாது. திரை அதற்கு. ரொம்பச் சின்னது, ரொம்பப் பெரியது, ரொம்ப வேகமானது, ரொம்ப மெதுவானது, ஆபத்தானது: இந்த ஐந்தில் ஒன்று என்றால் போடுங்கள்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு காட்டுகிறேன். கடற்காற்று, நிலக்காற்று. உங்கள் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது, வாசலைத் தாண்டினால் கடல். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் என்ன நடக்கிறது? அம்புக்குறி போட்ட அனிமேஷன் ஒன்று ஓடும். பகலில் அம்பு இந்தப் பக்கம், இரவில் அந்தப் பக்கம். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுவார்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். காலை முதல் மணியில் இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர், இரண்டிலும் ஆய்வகத் தெர்மாமீட்டர், இரண்டும் வெயிலில். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டாம், அதன் அளவு இதற்குப் போதாது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் மணல் அதிகம் சூடாகியிருக்கும். நாற்பது பேரும் தெர்மாமீட்டரைச் சூழ்ந்தால் ரகளைதான். அதனால் உங்கள் செல்போன் கேமராவைத் தெர்மாமீட்டருக்கு நேராகப் பிடித்து, போர்டில் பெரிதாகக் காட்டுங்கள். அளவை எல்லோரும் ஒரே நேரத்தில் படிப்பார்கள். தொழில்நுட்பம் இங்கே செய்தது அவ்வளவுதான், ஆனால் அது இல்லாவிட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

அடுத்து ஒரு கேள்வி. 'ராத்திரி இரண்டு மணிக்குக் கரையில் நின்றால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்?' பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், கை தூக்கவைத்து எண்ணுங்கள். காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் ஒருவராவது வாய் திறப்பார்கள். இன்றைக்கு ஃபைபர் போட்டுக்கு இன்ஜின் இருக்கிறது, பாய் கட்டிய கட்டுமரத்துக்கு இல்லை. விடியுமுன் கரையிலிருந்து அடிக்கும் காற்றில் கடலுக்குள் போய், மதியம் கடலிலிருந்து வரும் காற்றில் கரை திரும்பிய கதை தாத்தா வாயால் கேட்டதாக இருக்கும். கொண்டல், வாடை என்ற பெயர்களையும் சொல்வார்கள். பாட வேளையில் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அன்றைக்கு வகுப்பில் ஒரு அந்தஸ்து வரும்.

இத்தனைக்கும் பிறகு அனிமேஷனைப் போடுங்கள். இப்போது அம்புக்குறிக்கு அர்த்தம் இருக்கிறது, ஏன் திரும்புகிறது என்று அவர்களே சொல்வார்கள். மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தில் வானிலை மையம் அன்றாடம் வெளியிடும் வெப்பநிலையை எடுத்து வையுங்கள். சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு எண் வரும். கோடையில் பெரும்பாலான நாட்களில் மீனம்பாக்கம்தான் கூட இருக்கும். ஏன்? நுங்கம்பாக்கம் கடலுக்குக் கிட்டே, மீனம்பாக்கம் உள்ளே தள்ளி, கடற்காற்று அங்கே போய்ச் சேர நேரமாகிறது. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகத்தான் வரும், சில நாள் வரவே வராது. அன்றைக்குத்தான் நகரமே கொதிக்கும். இரண்டு வாரத்துக்கு இந்த இரண்டு எண்ணையும் பிள்ளைகளே குறித்து வரைபடம் போட்டால், கணக்குப் பாடத்தில் புள்ளியியலும் அதிலேயே முடிந்துவிடும்.

காற்று என்றதும் ரேடாரைச் சொல்லாமல் விட முடியாது. சென்னையின் டாப்ளர் வானிலை ரேடார் 2002-லிருந்து ராஜாஜி சாலையில் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷன் பக்கம் போகிற பிள்ளைகள் அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்திருப்பார்கள், தண்ணீர்த் தொட்டி என்று நினைத்திருப்பார்கள். அது எடுக்கும் படம் வானிலைத் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. மழைக்காலத்தில் ஒருநாள் முதல் வேளையில் அதைத் திறந்து, மேகக்கூட்டம் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்து, பள்ளி விடும் நேரத்துக்குள் மழை வருமா என்று பிள்ளைகளைக் கணிக்கச் சொல்லுங்கள். வேகம், தூரம், நேரம் மூன்றும் அதில் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு ஒலியில் எதிரொலி நடத்தும்போது, இது ரேடியோ அலையின் எதிரொலி என்று முடிச்சுப் போடலாம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையை வடசென்னைப் பிள்ளை எதுவும் மறக்காது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற தெருவுக்கு அந்த மழை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். கணிப்பு தப்பினாலும் கவலைப்படாதீர்கள். ஏன் தப்பியது என்பதும் பாடம்தான்.

இதே வரிசையில் கூகுள் எர்த்தின் டைம்லாப்ஸ். 1984 முதல் வருடத்துக்கு ஒன்றாகச் செயற்கைக்கோள் படங்களைக் கோத்து வைத்திருக்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் வைத்து ஓட்டினால் கொசஸ்தலையாறு, உப்பங்கழி, 2001-ல் வந்த துறைமுகம், சாம்பல் குட்டைகள் என்று ஒரு தலைமுறை மாற்றம் அரை நிமிடத்தில் தெரியும். ரொம்ப மெதுவானதைத் திரையில் காட்டுங்கள் என்று மேலே சொன்னது இதைத்தான்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு போர்டு, ஒரு போன். இதில் போனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், அதுவும் அதன் கேமராவை.

இரண்டு பக்கமும் பாடப்புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு மரஸ்கேல் வைத்து, போனைக் கேமரா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள். கீழே ஒரு பிள்ளையின் நோட்டு. போன் திரை போர்டில் தெரியும்படி இணைத்துவிட்டால் அந்த நோட்டை வகுப்பே படிக்கும். வயர்லெஸ்ஸில் இணைக்க வரவில்லையென்றால் போட்டோ எடுத்துக் கேபிளில் காட்டுங்கள், பலன் அதேதான். பெயரை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். ஏழாம் வகுப்பில் ஒருமுறை இப்படி 1/2 + 1/3 = 2/5 என்று போட்ட நோட்டு திரைக்கு வந்தது. ஆசிரியை 'தப்பு' என்று சொல்லவில்லை. '2/5 பெரிசா, 1/2 பெரிசா?' என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு ஒரு பெண் எழுந்து, 'மிஸ், அரையோட இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கோம், ஆனா அரையை விடக் குறைஞ்சுபோச்சு' என்றாள். அதற்கப்புறம் பொதுப் பகுதி எதற்கு என்று விளக்க ஆசிரியைக்கு வேலையே இல்லை. லட்ச ரூபாய் அனிமேஷன் எதுவும் அந்த ஒரு வரியைச் சொல்ல வைக்காது. ஒரு எச்சரிக்கை: போனில் 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பேங்க் ஓடிபியும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா அனுப்பும் காலை வணக்கமும் போர்டில் பெரிதாக வரும்.

கேமராவின் அடுத்த வித்தை ஸ்லோமோஷன். வடசென்னையில் கேரம் தெரியாத வகுப்பு உண்டா? 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் பக்கத்துப் பெண். பள்ளியில் இருக்கும் கேரம் போர்டை எடுத்து, மேலே போனைப் பிடித்து, ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் மோதித் திரும்புவதை ஸ்லோமோஷனில் எடுங்கள். நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் என்றால் எட்டு மடங்கு மெதுவாகத் தெரியும், 120 என்றால் நாலு மடங்கு. மோதும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் போர்டுகளில் படத்தின் மேலேயே கோடு போடலாம். போன பாதைக்கு ஒரு கோடு, வந்த பாதைக்கு ஒரு கோடு, சட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு, அப்புறம் மரப் பாகைமானியை எடுத்து ஒரு பையனை அளக்கச் சொல்லுங்கள். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் கிட்டத்தட்டச் சமமாக வரும், துல்லியமாக வராது. ஒளிக்குச் சமம், ஸ்ட்ரைக்கருக்கு ஏன் இல்லை? உராய்வு, சுழற்சி, மோதலில் போகும் வேகம் என்று பேச்சு வளரும். போரிக் பவுடர் போட்டும் போடாமலும் ஒரே மாதிரி அடித்து இரண்டு வீடியோவை ஒப்பிட்டால் உராய்வுப் பாடமும் ஆயிற்று. படம் எடுப்பது, நிறுத்துவது, அளப்பது மூன்றையும் பிள்ளைகளிடமே விடுங்கள். அடுத்தவர் தயாரித்த வீடியோவைப் பார்ப்பதற்கும் தான் எடுத்த வீடியோவை ஆராய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போனின் மூன்றாவது பயன், பிளிக்கர்ஸ் என்ற வாக்கெடுப்புச் செயலி. இதற்கும் போன் ஒன்று போதும். பிள்ளைகளுக்குத் தாளில் அச்சிட்ட அட்டைதான், ஆளுக்கொரு எண், நடுவில் கறுப்புக் கட்டம். அட்டையை எந்தப் பக்கம் மேலே வைத்துப் பிடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று விடை. நீங்கள் போனை ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன விடை என்று பதிந்துவிடும். பக்கத்தில் இருப்பவன் அட்டையைப் பார்த்தால் இவனுக்கு விடை புரியாது, அதனால் காப்பியடிக்க முடியாது. வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளையின் விடையும் கணக்கில் வரும். பளபளப்பான லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள், டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் போனால் படிக்க முடியாது. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி அதில் ஒட்டினாலே ஒரு வருடம் வரும்.

இதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மசூர் 1991-லிருந்து ஒரு முறையைக் கையாள்கிறார். யோசிக்க வைக்கும் கேள்வி ஒன்று, எல்லோரும் தனித்தனியாக விடை சொல்ல வேண்டும். சரியான விடை 30 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் விடையைச் சொல்லாமல், பக்கத்தில் வேறு விடை சொன்னவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்வார். மறுபடி வாக்கெடுப்பு. முப்பதுக்குக் கீழே என்றால் பாடத்தை வேறு மாதிரி நடத்த வேண்டும், எழுபதுக்கு மேலே என்றால் அடுத்ததுக்குப் போகலாம். ராத்திரி இரண்டு மணிக் காற்றுக் கேள்வி இதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். இரண்டாம் வாக்கெடுப்பில் எண்கள் மாறுவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சலை ஹெச்எம் வந்து கேட்டால், கணக்குக் காட்டுங்கள். போனில் எல்லாம் பதிந்திருக்கிறது.

இடையில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பயிற்சி முகாம்களில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 'படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், பார்ப்பதில் 30 சதவீதம் நினைவில் நிற்கும்' என்று ஒரு கூம்புப் படம் போடுவார்கள், கீழே எட்கர் டேல் பெயர் இருக்கும். டேல் 1946-ல் அனுபவக் கூம்பு என்று ஒன்று வரைந்தது உண்மை. அதில் சதவீதக் கணக்கு ஒன்றுகூடக் கிடையாது. எண்களைப் பிற்காலத்தில் யாரோ ஒட்டினார்கள், ஆய்வு எதுவும் பின்னால் இல்லை. 'இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்' என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் அதே ரகம். 2008-ல் ஹரோல்டு பாஷ்லரும் அவரோடு இருந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். கண்ணும் காதும் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும்.

கண், காது என்றதும் எழுத்தும் வருகிறது. பல வீடியோவில் ஒருவர் பேசுவார், அவர் பேசும் அதே வாக்கியம் கீழே எழுத்தாகவும் ஓடும், நடுவில் படமும் அசையும். ரிச்சர்டு மேயர் என்ற உளவியலாளர் பல வருடச் சோதனைகளில் காட்டியது, படமும் குரலும் போதும், அதே பேச்சை எழுத்தாகவும் சேர்த்தால் கற்பது குறைகிறது. கண் படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா என்று அல்லாடும். அதனால் அறிவியல் விளக்கப் படத்துக்கு எழுத்தை அணைத்துவிடுங்கள். தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி என்றால் கதை நேரே எதிர்: பாட்டுக்கும் கதைக்கும் கீழே அதே தமிழ் வரிகள் ஓடுவது நல்லது. மணலிப் பக்கம் வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் அவர்களுக்குப் புதுச் சொற்களைப் படத்தோடு முன்கூட்டியே காட்டிவிட்டு வீடியோவைப் போடுங்கள். பின்னணி இசையும் குதிக்கும் பொம்மையும் யாருக்கும் உதவாது. அவை இருக்கிற வீடியோவையும் இல்லாத வீடியோவையும் வைத்துக்கொண்டு தேர்வு செய்ய வேண்டியிருந்தால் இல்லாததை எடுங்கள்.

எங்கே தேடுவது? மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை நம் பாடத்திட்டத்துக்கே தமிழில் இருக்கிறது. 2018-லிருந்து புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடு திக்ஷா என்ற அரசுக் கல்வித் தளத்துக்குக் கொண்டுபோகும். மின்சுற்று, ஒளி, பின்னங்களுக்கு ஃபெட் (PhET) என்ற தளத்தில், திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் உருவகச் சோதனைகள் தமிழிலும் உண்டு. அவற்றைப் பார்க்க மட்டும் விடாமல், மாற்றிப் பார்த்து என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வைக்கலாம். எதுவானாலும் முந்தின நாளே தரவிறக்கிப் பென்டிரைவில் போட்டு வையுங்கள். பாடத்தின் நடுவில் நெட் சுற்றிக்கொண்டு நிற்பதும், யூடியூபில் தங்க நகைக்கடை விளம்பரம் வருவதும் வகுப்பைக் கலைத்துவிடும்.

க்யூஆர் கோடை வீட்டுப் பாடமாகக் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரு போன், அது அப்பாவோடு துறைமுகத்துக்கோ கடலுக்கோ போய்விடும், ராத்திரி வரும்போது சார்ஜ் இருக்காது, ரீசார்ஜும் முடிந்திருக்கும். போன் இருக்கிற பிள்ளை முன்னே போகும், இல்லாத பிள்ளை பின்னே போகும். அந்த இடைவெளியை நாமே உண்டாக்க வேண்டாம்.

ஏஐ பற்றி இரண்டு வரி. கேள்வித்தாள் வரைவு, ஒரே கணக்கைப் பத்து விதமாக மாற்றித் தருவது, இதற்கெல்லாம் நன்றாக உதவும். அறிவியல் கலைச்சொல்லை அது நம் புத்தகத்தில் இருப்பது போலவே தராது, விடையிலும் தைரியமாகத் தப்புச் செய்யும். நீங்கள் ஒருமுறை போட்டுப் பார்க்காத கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வி, 10,000 ரூபாய். டேப்லெட் வேண்டாம் என்பேன். அந்தத் தொகைக்குச் சுமாரான டேப்லெட் ஒன்று வரும், 40 பிள்ளைக்கு ஒன்று. பெரு நாட்டில் கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைக்கொரு மடிக்கணினியே கொடுத்தார்கள். ஆராய்ந்தவர்கள் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்றுதான் கண்டார்கள். ஆனால் டெல்லியில் பள்ளி முடிந்தபின் நடந்த மையங்களில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பயன்படுத்திய பிள்ளைகள் நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நன்றாக முன்னேறினார்கள், 2019-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. அங்கே மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் நிற்கிற படியிலிருந்து கேள்வி கேட்டது. ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணக்கில் மூன்றாம் வகுப்பில் நின்றால் மூன்றாம் வகுப்புக் கேள்வி. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி நாம் பிரிப்பதும் இதே யோசனைதான். அதற்குக் கருவியைவிடப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிவது முக்கியம். பள்ளியில் ஏற்கெனவே ஆசிரியர் டேப்லெட் இருந்தால், அதை எல்லோருக்கும் சுற்றிக் காட்டாமல், வாசிக்கத் திணறும் நாலைந்து பேருக்கு மட்டும் தினமும் இருபது நிமிடம் கூகுள் ரீட் அலாங் போட்டுக் கொடுங்கள். தமிழில் வாசிக்கக் கேட்டுத் திருத்தும், கதைகளை முன்பே தரவிறக்கினால் நெட்டும் வேண்டாம்.

பணத்தில் முதலில் ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். உங்கள் பக்கம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி சத்தம், மேலே ஃபேன் சத்தம், தட்டிக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு. போர்டோடு வரும் ஸ்பீக்கர் பின் பெஞ்சுக்குக் கேட்காது, கேட்காத பிள்ளைக்கு எந்த வீடியோவும் ஊமைப்படம்தான். அடுத்து ஜன்னலுக்குக் கனமான திரைத்துணி, காலை வெயில் நேரே போர்டில் விழுகிற பக்கத்துக்கு மட்டும் போதும். போனை நிறுத்தி வைக்க வளையும் ஸ்டாண்ட் ஒன்று, நீளமான ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று. கேபிளின் முனைக்கு மூடியும் வாங்குங்கள், கடற்காற்றின் உப்பு அந்தப் பின்களைச் சீக்கிரம் அரித்துவிடும். விடுமுறைக்கு முன்னால் ரிமோட்டின் பேட்டரியையும் கழற்றி வைத்துவிடுங்கள். பிளிக்கர்ஸ் அட்டைக்கு அச்சுச் செலவு. ஃபோல்ட்ஸ்கோப் என்று தாளால் மடித்துச் செய்யும் நுண்ணோக்கி இருக்கிறது, மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, 140 மடங்கு பெரிதாக்கும், போன் கேமராவோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றிரண்டு வாங்கினால் வெங்காயச் சவ்வைப் போர்டு முழுக்கக் காட்டலாம். இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சும். அதில் 40 சிலேட்டும் ஒரு பெட்டிச் சாக்பீஸும் வாங்கிப் போடுங்கள், கரண்ட் போகிற நாளில் வாக்கெடுப்பு அதில்தான்.